ஊருக்கு நாங்கள் கொண்டுபோன அம்மை

1

போன மாதம் ஒரு காலையில், வேலைக்குப் பேருந்து ஏறும் நேரத்தில், மருந்துக்கடையிலிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. எனக்கும் என் மகள் ஜெனிக்கும் மஞ்சள்காமாலைத் தடுப்பூசியின் இரண்டாம் தவணை போடும் காலம் வந்துவிட்டதாம். முதல் தவணை போட்டு ஒரு வருடம் ஆகிறது என்று அந்தச் செய்தி நினைவுபடுத்தியது. நினைவுபடுத்தியது என்று சொல்வதும் சரியில்லை. மறந்திருந்தால்தானே?

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறு நகரத்தில் பதினொரு வருடமாக இருக்கிறோம். என் மனைவி ஷீபா நர்ஸ். அவளுக்குக் கிடைத்த வேலையில்தான் இங்கே வந்தோம். நான் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் அருமனை. அங்கே இப்போது எனக்கென்று இருப்பது என் அக்கா லில்லியின் வீடுதான். பெயர்களை மாற்றி எழுதுகிறேன். ஊரின் பெயரை மாற்ற மனம் வரவில்லை.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் என்னென்ன ஊசி போட வேண்டும், எந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள். நான் எழுதுவது வேறு. போன வருடம் நான் ஒரு விஷயத்தை மறைத்தேன். அதனால், நிறைமாதமாக இருந்த அக்கா மகள் சுஜாவும் அவள் வயிற்றுப்பிள்ளையும் ஆபத்தில் மாட்டினார்கள். அதைத்தான் எழுதுகிறேன்.

2

சுஜாவின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. விசா நீட்டிப்புக்கு அனுப்பிய பாஸ்போர்ட் ஐந்து மாதமாகத் திரும்பி வரவில்லை. விசா அலுவலகத்துக்குப் போன் செய்தால் இயந்திரம் பேசும். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று சொல்லிவிட்டுக் கடைசியில் பாட்டுப் போடும். ஒரே ஒரு தடவை ஒரு மனிதக் குரல் கேட்டது. நான் பேருந்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. "சாரி" என்று சொல்லி நானே போனை வைத்துவிட்டேன். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் என் சித்தப்பா மகன் நின்றான். நான் சலவைக்கூடத்தின் சாப்பாட்டு அறையிலிருந்து கைப்பேசியில் பார்த்தேன்.

இரண்டு வருடம் கழித்து சுஜா பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். எங்கள் பக்கத்தில் 'வயிறு காணுதல்' என்று ஒரு வழக்கம் உண்டு. நெருங்கிய சொந்தக்காரர்கள் பலகாரத்தோடு வந்து கர்ப்பிணிக்கு ஊட்டுவார்கள். தாய்மாமன் முதலில் ஊட்ட வேண்டும். அக்கா போன் செய்தாள்.

"ஏலே செல்வா, கல்யாணத்துக்குத்தான் வரல்ல. வயிறு காணவாவது வருவியா, இல்ல அதையும் போனுலதான் ஊட்டுவியா?"

"வாறேன் அக்கா."

"வாறேன் வாறேன்னு சொன்னா போராது. முந்திரிக்கொத்து நான் சுட்டு வைப்பேன். ஊட்ட உனக்க கை வேணும்லா."

ஷீபாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நானும் ஜெனியும் போவதென்று முடிவானது. ஈஸ்டர் விடுமுறை இரண்டு வாரம்தான். இன்னொரு வாரம் கூடுதலாக வேண்டும் என்று ஜெனியின் பள்ளிக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஷீபா திருத்திக் கொடுத்தாள். தலைமை ஆசிரியை என்னை வரச்சொல்லி, இந்த ஒரு தடவை மட்டும் என்று சம்மதித்தார். அவர் முன்னால் உட்கார்ந்திருந்த பத்து நிமிடத்தில் என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

3

"ரெண்டு பேரும் ஊசி போட்டுட்டுப் போங்க" என்று ஷீபா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நம்ம ஊருக்குப் போவ ஊசியா? நாலு பேரு கேட்டா சிரிப்பாங்க."

"நீங்க ஊருக்குப் போறீங்க. ஜெனி வெளிநாடு போறா. அவ அந்தத் தண்ணியையும் கண்டதில்ல, அந்தக் கொசுவையும் கண்டதில்ல. சொந்த ஊருதானேன்னு போயிட்டு வந்து எங்க வார்டுல படுக்கிறவங்கள நான் பாக்கேன்."

பயணம் புறப்பட எட்டு நாள் இருக்கும்போதுதான், ஒரு புதன்கிழமை, மருந்துக்கடையில் இருக்கும் பயணத் தடுப்பூசி அறைக்கு ஜெனியோடு போனேன்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை, பள்ளியிலிருந்து கைப்பேசிக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. ஜெனியின் வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை. கொப்புளம் தெரியும் முன்பே அது மற்றவர்களுக்குத் தொற்றும். மூன்று வாரம் வரை பிள்ளைகளைக் கவனியுங்கள். கர்ப்பிணிகள் யாராவது பிள்ளையோடு பழகினால் மருத்துவரிடம் கேளுங்கள். இவ்வளவுதான் கடிதம். நான் அதை இரண்டு தடவை வாசித்தேன்.

ஆங்கிலம் புரியவில்லை என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. தொற்றைக் கையாள்வதுதான் என் வேலையே. தொற்று உள்ள நோயாளிகளின் துணி சிவப்புப் பையில் வரும். அதைப் பிரிக்கக் கூடாது. பையோடு இயந்திரத்துக்குள் போட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவன் நான்.

ஷீபாவிடம் காட்டியிருந்தால் பயணத்தை நிறுத்தியிருப்பாள். அக்காவிடம் இன்னொரு தடவை 'வர முடியவில்லை' என்று சொல்ல வேண்டும். பள்ளியில் போய் மறுபடியும் உட்கார வேண்டும். முப்பது பிள்ளைகளில் ஒன்றுக்குத்தானே வந்திருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கடிதத்தை அழித்துவிட்டேன்.

மருந்துக்கடையில் ஒரு இளம்பெண் கணினியைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். கிராமத்தில் தங்குவீர்களா? தண்ணீர் எங்கிருந்து? தெருவில் நாய்கள் உண்டா? கொசு? அக்கா வீட்டின் மேல் யாரோ குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு 'யெஸ்' 'யெஸ்' என்றேன். குறைந்தது ஒரு மாதம் முன்பே வந்திருக்க வேண்டும், நாய்க்கடிக்கான ஊசிகளுக்கு இனி நாள் போதாது என்று கண்டித்தார். மஞ்சள்காமாலைக்கும் டைபாய்டுக்கும் போட்டார். மலேரியா மாத்திரை அந்தப் பக்கத்துக்குத் தேவையில்லை, டெங்குவுக்காகப் பகலிலும் கொசுவிடம் கவனமாக இருங்கள் என்றார். எதைக் குடிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று படம் போட்ட ஒரு தாளை ஜெனியிடம் கொடுத்தார். கடைசியாக என்னைப் பார்த்துக் கேட்டார்: "இந்த மூன்று வாரத்தில் தொற்றுநோய் உள்ள யாரோடாவது நீங்களோ மகளோ பழகினீர்களா?"

"நோ" என்றேன். அன்று நான் தடுமாறாமல் சொன்ன ஆங்கிலம் அது ஒன்றுதான்.

4

வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் இறங்கி, களியக்காவிளை வழியாக அருமனைக்கு வந்தோம். அக்கா வாசலுக்கு ஓடி வந்து ஜெனியை வாரி எடுத்தாள். ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்கும் வயதா அவளுக்கு? கேட்கவில்லை. சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டு வந்தாள். ஜெனி அந்தத் தாளை விரித்துப் பார்த்துவிட்டு, இது கொதிக்க வைத்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் மொழிபெயர்க்காமல் நின்றேன். ஆனால் அக்காவுக்கு அது புரிந்துவிட்டது.

"ஏலே, நீ குடிச்சு வளந்த கெணத்து வெள்ளம்தான்ல இது. உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனவள், அடுப்பில் பெரிய பானையை ஏற்றினாள். அன்றிலிருந்து அந்தப் பானை இறங்கவே இல்லை.

ஜெனி அந்த வீட்டில் ஒட்டிக்கொண்டது சுஜாவிடம் மட்டும்தான். சுஜா பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள். இருவருக்கும் பேச்சு ஒத்துப்போனது. சுஜாவின் வயிற்றில் காதை வைத்து, உள்ளே இருக்கும் பிள்ளையிடம் ஜெனி ஏதேதோ கேட்பாள். மத்தியானம் அவளோடுதான் படுப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் ஜெனியின் உடம்பு லேசாகச் சுட்டது.

"வண்டியில வந்த சீணமாயிருக்கும், மாமா" என்றாள் சுஜா.

"ஆமா, சீணம்தான்" என்றேன். அந்த நேரத்தில் கடிதம் எனக்கு நினைவுக்கு வந்தது. வரி வரியாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். போதகர் ஜெபம் பண்ணினார். சுஜா பச்சைப் பட்டில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் முந்திரிக்கொத்தை எடுத்து ஊட்டினேன்.

"மாமா, கல்யாணத்துக்கு வராததுக்கும் சேத்து ரெண்டு ஊட்டுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஜெனியும் ஊட்ட வேண்டும் என்று ஓடி வந்தாள். பாதியைச் சுஜா கடித்தாள், மீதியை ஜெனி தின்றாள்.

5

திங்கட்கிழமை காலை ஜெனியைக் குளிப்பாட்டப்போன அக்கா என்னைக் கூப்பிட்டாள். பிள்ளையின் முதுகில் ஐந்தாறு சிவப்புத் தடிப்புகள்.

"அய்யோ, கொசு கடிச்சு வச்சிருக்கே செல்வா!"

நான் பார்த்தேன். ஒன்றிரண்டின் நடுவில் நீர் கோத்திருந்தது.

"கொசுக்கடிதான் அக்கா" என்றேன்.

அக்கா வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. ரப்பர் இலை உதிர்க்கும் காலமானதால் பால் வெட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். பால் பிடிக்க மரத்தில் கட்டியிருந்த சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடைமழைத் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும். வயிறு காணும் வேலையில் அக்கா அதை விட்டுவிட்டாள். நான் 'கொசுக்கடி' என்று சொன்னதும் அவள் முகம் செத்துப்போனது.

"எனக்க கவனக்கேடுதான். ஷீபா என்ன நெனப்பா? பிள்ளைய எனக்கக்கிட்ட விட்டதுக்கு..."

சொல்லிக்கொண்டே தோட்டத்துக்குப் போனாள். மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பவள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மரமாகக் குனிந்து, சிரட்டையிலிருந்த தண்ணீரைக் கொட்டி, துடைத்து, கவிழ்த்தாள். நான் பின்வாசலில் நின்று பார்த்தேன். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவள் கடைசி வரிசைக்குப் போகும்வரை நான் சொல்லவில்லை. பிறகு போய், அவளோடு சேர்ந்து நானும் இரண்டு வரிசை கவிழ்த்தேன். அந்த இரண்டு வரிசையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

திரும்பி வந்தபோது ஜெனியின் நெற்றியிலும் வந்திருந்தது. சுஜா அவளை மடியில் கிடத்தி விசிறிக்கொண்டிருந்தாள். நான் முற்றத்துக்கு வந்து ஷீபாவுக்குப் போன் செய்தேன்.

"கொப்புளமா? ஸ்கூல்ல யாருக்காவது வந்துதா?"

"ஒரு கடிதம் வந்துது."

"எப்ப?"

சொன்னேன்.

"சுஜா எங்க?"

"ஜெனி அவ மடியில கெடக்கா."

"இப்பவே பிரிங்க. அவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மீதிய நான் அப்புறம் பேசுதேன்."

6

அம்மைபோல இருக்கிறது என்று ஷீபா சொன்னதாக மட்டும் வீட்டில் சொன்னேன், கடிதத்தைச் சொல்லவில்லை. மார்த்தாண்டம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுஜாவிடம் கேட்ட முதல் கேள்வி, சின்ன வயதில் அம்மை வந்திருக்கிறதா என்பதுதான். வந்திருந்தால் பயமில்லையாம். சுஜாவுக்குத் தெரியவில்லை. அக்கா சொன்னாள்:

"இல்ல டாக்டர். இவளுக்க அண்ணனுக்கு வந்தப்போ இவள உடனே எனக்க மாமியார் வீட்டுக்கு மாத்தினேன். ஒரு பொட்டு வராம காப்பாத்தினேன்."

அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார். இரண்டு நாளில் முடிவு வந்தது. எதிர்ப்புச் சக்தி இல்லை. உடனே போட வேண்டிய ஊசியைத் திருவனந்தபுரத்திலிருந்து வரவழைத்தார்கள்.

"ஊசி போட்டாலும் வரலாம்" என்றார் டாக்டரம்மா. "லேசா வந்தா தாய் சமாளிச்சிருவாங்க. ஆனா பிரசவத்துக்கு முந்தின அஞ்சு நாளைக்குள்ள வந்தா குழந்தைக்குத்தான் பெரிய ஆபத்து. வந்து ஒரு வாரம் கழிஞ்சு குழந்தை பிறந்தா, அதுக்குள்ள தாயோட எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போயிரும்."

நானும் ஜெனியும் ரப்பர் ஷீட் வைக்கும் வெளி அறைக்கு மாறினோம். அக்கா வாசலில் தட்டை வைத்துவிட்டுப் போவாள். ஊரில் எல்லாரும் வெயில் சூட்டில் வந்த அம்மை என்றார்கள். அக்காவும் அப்படித்தான் நம்பினாள். போனில் ஷீபாவிடம் அவள் மன்னிப்புக் கேட்டதை நான் ஜன்னல் வழியாகக் கேட்டேன். "ஒண்ணும் நெனக்காதே மக்கா. எனக்க வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு இப்பிடி ஆயிப்போச்சு." அன்று ஷீபா எனக்கு ஒரு வரி அனுப்பினாள். 'நான் சொல்ல மாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.'

நான் சொல்லவில்லை. ஜெனிக்குப் பொருக்கு உதிர்ந்து குணமாகிவிட்டது. எங்கள் விமானத்துக்கு முந்தின நாள் சுஜாவின் கழுத்தில் முதல் கொப்புளம் தெரிந்தது. விடுப்பு முடிந்திருந்தது. நான் புறப்பட்டேன். அவள் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஜெனிக்குக் கையசைத்தாள்.

இங்கே வந்து தினமும் வேலைக்குப் போகுமுன் போன் செய்வேன். சுஜாவுக்கு இருமல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்றாள் அக்கா ஒருநாள். பிறகு இருமல் குறைந்தது என்றாள். மகள் வயிற்றைப் பார்த்து அவள் சொல்வது போனில் கேட்கும்: "இண்ணைக்கு வராண்டாம் மக்கா. நல்ல பிள்ளையில்லா? அங்கேயே கெட." பிள்ளை வர வேண்டும் என்று ஜெபம் செய்யும் வீடுகளைத்தான் நான் கண்டிருக்கிறேன். என்னால் ஒரு வீடு, பிள்ளை வரக் கூடாது என்று நாள் எண்ணியது. நானும் சலவைக்கூடத்தில் எண்ணினேன். நான்காம் நாள். ஐந்து. ஆறு.

பத்தாம் நாள் ஆண்குழந்தை பிறந்தது. உடம்பில் ஒரு புள்ளி இல்லை. சுஜாவின் முகத்தில் மட்டும் புருவத்துக்கு மேல் இரண்டு குழி நின்றுவிட்டது.

7

ஒரு வருடம் அப்படியே போனது. ஷீபா ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். போன மாதம் மருந்துக்கடைச் செய்தி வந்த அதே வாரம் அக்கா கூப்பிட்டாள். பேரனுக்கு முதல் பிறந்தநாள் வருகிறது, மூன்று பேரும் வர வேண்டும் என்றாள்.

"ஷீபாட்ட சொல்லு, பயப்படாண்டாம்னு. சன்னலுக்கெல்லாம் வலை அடிச்சாச்சு. வெள்ளத்துக்கு மிஷினு வச்சாச்சு. தோட்டத்துல ஒரு சிரட்டை கெடையாது, எல்லாத்தையும் கழத்தியாச்சு. இனி எனக்க வீட்டுல வச்சு ஜெனிக்கு ஒரு தீனம் வராது, பாத்துக்க."

அதற்கு மேல் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அக்கா, அம்மை உன் வீட்டால வந்ததில்ல. நாங்க கொண்டு வந்தோம். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வந்தேன்."

கடிதத்தைச் சொன்னேன். மருந்துக்கடையில் சொன்ன பொய்யைச் சொன்னேன். தோட்டத்தில் சிரட்டை கவிழ்த்த அன்றே தெரியும் என்பதையும் சொன்னேன்.

"எனக்கக்கிட்ட எதுக்குச் சொல்லுக?" என்றாள் அக்கா. குரல் மாறியிருந்தது. "நான் உனக்க அக்கா, நான் பொறுத்துப்போவேன். வயித்துல வச்சிருந்தவ அவ. அவள்கிட்டச் சொல்லு."

போன் கைமாறியது. பின்னால் குழந்தையின் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லும்போது இன்னும் மோசமாக இருந்தது.

சுஜா கேட்டாள்: "மாமா, அந்த லெட்டர்ல கர்ப்பிணிகளுக்குன்னு ஏதாவது எழுதியிருந்துதா?"

"எழுதியிருந்துது."

"நீங்க அத வாசிச்சியளா?"

"ரெண்டு தடவை வாசிச்சேன்."

"பிள்ளைக்குப் பால் குடுக்கணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பதினொரு நாள் அந்த வீட்டிலிருந்து யாரும் பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது? பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சுஜாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. வணக்கம் இல்லை, விசாரிப்பு இல்லை.

"மாமா, ஜெனிக்க ஸ்கூல்ல இருந்து இப்ப ஏதாவது லெட்டரு வந்திருக்கான்னு பாத்துட்டு டிக்கெட் எடுங்க."

சமையலறையில் நின்ற ஷீபாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கா" என்றாள்.

எனக்கு அது கேட்கவில்லை. டிக்கெட்டுக்கு முன்னால் சுஜா சொன்னதுதான் கேட்டது. கைப்பேசியைத் திறந்து, இந்தப் பருவத்தில் பள்ளியிலிருந்து வந்த கடிதங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினேன். ஷீபாவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.